கண்ணாடிக்காய்த் தொட்டியில் மஞ்சள் தண்ணி

“நான் ஒரு இடமும் துப்பிறேல்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம், தெருவிலைகூடத் துப்பினதில்லை,” என்றார் குணசிங்கத்தார்.

அவரை யாரும் கேட்கவில்லை. தாவர ஆராய்ச்சி நிலையத்தின் சாப்பாட்டு அறையில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். பொறுப்பாளர் பேரித் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவாகத்தான் சொன்னாள். பின்பக்கத்துக் கண்ணாடி வீட்டின் பாலைவன அறையில் ஒன்பது தொட்டிகளில் செடி வாடிவிட்டது, மணலில் கறை பிடித்திருக்கிறது, சிலதில் மண்ணிறம், சிலதில் மஞ்சள், யாரோ எதையோ துப்பின மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் அவள் சொன்னது. அவள் பார்வை ஒருவர்மேலும் போகவில்லை.

குணசிங்கத்தார் சுவரோரம் குப்பைப் பை மாற்றிக்கொண்டு நின்றவர். வாய் தானாகத் திறந்துவிட்டது. வந்ததும் நோர்வேஜிய மொழி, அதிலும் வடக்குப் பேச்சு. மீன் தொழிற்சாலையில் பொறுக்கிய மொழி அது. அவர் வாய் திறந்தாலே ஒஸ்லோக்காரர் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்து முகமும் அவர் பக்கம் திரும்பின.

“உங்களை ஒருதரும் சொல்லேல்லையே,” என்றாள் பேரித்.

“இல்லை, சும்மா சொன்னனான்.”

குனிந்து பையின் வாயைக் கட்டினார். யாரோ பாதி தின்று எறிந்த ஈரல் விழுது பூசின பாண்துண்டு பைக்கு வெளியே வழிந்து அவர் விரலில் அப்பியது. கைக்குட்டையால் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தார். அந்த அருவருப்பைவிட நெஞ்சுக்குள் ஏறின பயம் பெரிது.

பயம் இதுதான். குணசிங்கத்தார் அந்த நிலையத்தின் ஆள் இல்லை. துப்புரவு ஆட்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பனியின் ஆள். கம்பனி அவரை மூன்று மாதத்துக்கொரு இடம் என்று தூக்கிப் போடும். பள்ளிக்கூடக் கழிப்பறை, உடற்பயிற்சிக்கூடக் குளியலறை, துறைமுகத்தில் கப்பல் ஏறுகிற இடத்துக் கழிப்பறை. துறைமுகத்தை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. கப்பலில் இரவெல்லாம் குடித்துவிட்டு விடியச் சனம் இறங்கும். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. இந்த நிலையத்துக்கு வந்து எப்படியோ ஒன்றரை வருடம் நிலைத்துவிட்டார். வருகிற தை மாதம் முதல் அவரைத் தங்கள் ஆளாகவே, நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகப் பேரித் போன மாதந்தான் சொல்லியிருந்தாள். இன்னும் கடிதம் வரவில்லை. அதற்குள் ஒன்பது தொட்டி.

குணசிங்கத்தாரைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் ஓர் அருவருப்புக்காரர் என்று தெரியும். கோயில் அன்னதானத்தில் அடுத்தவர் அகப்பை தொட்ட கறியை எடுக்கமாட்டார். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். கலியாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கை கொடுத்துவிட்டு நேரே கை கழுவப் போவார், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கவே போவார். “உங்களுக்கெல்லாம் துப்புரவு வேலை குடுத்த கடவுளுக்கு நல்ல பகிடி தெரியும்” என்று மனைவி மனோன்மணி சொல்லுவா.

கடவுள் பகிடியைத் தொடங்கினது எண்பத்தேழாம் ஆண்டு. வேலணையிலிருந்து புறப்பட்டவர் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் போய் விழுந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை மீன் வெட்டுவதில்லை. வெட்டினாலாவது பரவாயில்லை. கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கிற ஒரு கண்ணாடி மேசை. அதில் கொட் மீனின் சதைத்துண்டை விரித்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். அதைக் கத்தி நுனியால் கிளறி எடுக்க வேண்டும். ஒரு துண்டில் இரண்டு, சிலதில் ஏழு எட்டு. வெளிச்சச் சூட்டில் சிலது நெளியும். ஆறு வருடம் அந்த மேசையடியில் நின்றார். முதல் கிழமை முழுக்கத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தான். பக்கத்து மேசைத் தில்லைநாதன் அதே கையால் சாண்ட்விச் எடுத்துத் தின்றுகொண்டு, “என்ன அண்ணை, புழு உங்களை என்ன கேட்டுது? அது தன்ரைபாட்டிலை படுத்திருக்கு” என்பான். பிறகு அவன் பேர்கன் நகரத்துக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். குணசிங்கத்தார் ஒஸ்லோவுக்கு வந்தார். கொட் மீனை அதற்குப் பிறகு அவர் வாயில் வைக்கவில்லை. மீன் கடைப் பக்கம் வந்தால் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போவார்.

ஒஸ்லோ வேறு விதமான அசிங்கம். வீட்டு வாசலுக்குள் கழற்றிப்போட்ட சப்பாத்துகளின் ஈரக் கம்பளி மணம், நாய் நக்கின தட்டை அப்படியே பாத்திரம் கழுவும் மெசினுக்குள் வைக்கிற பழக்கம், தண்ணீர் இல்லாத கழிப்பறை. கடைசியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் மனோன்மணி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. ஒரு போத்தல் தண்ணீரை அவர் எப்போதும் பையில் கொண்டு திரிந்தார். ஏன் என்று கேட்ட வெள்ளைக்காரருக்குத் தாகம் என்று சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதன்தான் ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு நாள் துடைப்பமும் வாளியுமாய் அந்தப் பாலைவன அறைக் கதவைத் திறந்தார்.

நிலையத்தின் பின்பக்கம் நீளமான கண்ணாடி வீடு. அதில் முதல் இரண்டு அறையும் அவருக்கு வழமையான நரகம். வாழை, பன்னம், பாசி, ஈரம், அழுகின இலை, தொட்டிக்கடியில் நத்தை. மூன்றாவது கதவைத் திறந்ததும் காய்ந்த காற்று முகத்தில் பட்டது. நீளமான மேசையில் நாற்பது தொட்டி. எல்லாவற்றிலும் மணல். பிள்ளைக்குக் குளிக்க வார்த்துவிட்டுப் பூசுகிற பவுடர் மாதிரி மெல்லிய, காய்ந்த, சுத்தமான மணல். ஒரு பூஞ்சணம் இல்லை, ஒரு பூச்சி இல்லை, ஒரு நாற்றம் இல்லை. மணலில் தாழ்ந்து படர்ந்து சாம்பல்பச்சைச் செடிகள். இலையெல்லாம் பூனைமயிர். பிறந்து மூன்று கிழமைப் பிள்ளையின் காதுமடலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியுமே, அது மாதிரி. நாலு இதழ்ப் பூ, பால் வெள்ளை. கிட்டப் போனால் மெல்லிய வாசம்.

குணசிங்கத்தார் வாளியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். அந்த அழுக்குத் தண்ணீரை அந்த அறைக்குள் கொண்டுவர மனம் வரவில்லை.

செடிகளின் சொந்தக்காரி தீப்தி. கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஆராய்ச்சிக்கு வந்தவள். நோர்வேஜிய மொழி தெரியாது. அவருடைய தமிழைக் கேட்ட முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“இது டித்தைரியா அங்கிள். அமெரிக்காவுல, மெக்சிகோவுல பாலைவன மணல்ல வர்றது. உலகத்துலயே ரெண்டே ரெண்டு வகைதான் இருக்கு. கடுகுக் குடும்பம்.”

“கடுகோ?” என்றார் குணசிங்கத்தார். “அப்ப தாளிக்கேலுமோ?”

“தாளிச்சீங்கன்னா நான் அழுதுடுவேன். ஒரு காய்க்கு ரெண்டே விதை. இங்க பாருங்க.”

காயைக் காட்டினாள். இரண்டு வட்டத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அப்படியே ஒரு சின்ன மூக்குக்கண்ணாடி. குணசிங்கத்தார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு அது கண்ணாடிக்காய்ச் செடி.

தண்ணீர் ஊற்றுகிற உரிமை தீப்திக்கு மட்டும். மழையே இல்லாத மண்ணில் இந்த விதை எத்தனை துளிக்கு எழும்புகிறது, செடி எத்தனை துளிக்குப் பூக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒவ்வொரு நாள் காலையும் நாற்பது தொட்டியையும் தராசில் வைத்து எழுதிக்கொள்வாள். கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று. அந்த அறிவித்தலைக் கிழமைக்கு ஒரு தடவை தூசி தட்டுகிறவர் குணசிங்கத்தார். அதனால் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

ஐப்பசி மாதம் ஒரு காலை, பன்னிரண்டாம் தொட்டியின் ஓரத்தில், பூவுக்குக் கீழே, ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடந்தது. தேயிலைப் பை மாதிரி, ஆனால் சுண்டுவிரல் அளவு. ஒரு பக்கம் மண்ணிறமாய் ஊறிப்போய், மணலில் கறை இறக்கியிருந்தது. குனிந்து பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்நூஸ். இந்த நாட்டு ஆட்கள் புகையிலைத் தூளைப் பொட்டலமாக்கி மேலுதட்டுக்குள் அடக்கி வைத்திருப்பார்கள். ஊறி முடிய விரலால் தோண்டி எடுத்து எறிவார்கள்.

நாலு கடதாசித் துண்டை மடித்து அதை எடுத்தார். கடதாசிக்குள்ளால் விரலுக்குத் தெரிந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. ஒருவரின் வாயிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. குணசிங்கத்தார் ஓடிப்போய் வெளிக் குழாயடியில் குனிந்து நின்றார். காலைத் தேத்தண்ணி முழுக்க வெளியே வந்துவிட்டது.

யாருடையது என்று தேடத் தேவையில்லை. கண்ணாடி வீட்டில் ஸ்நூஸ் வைப்பவர் ஒரே ஆள், தலைமைத் தோட்டக்காரர் தெர்யே. அறுபத்தைந்து வயது, மேலுதடு எப்போதும் ஒரு பக்கம் வீங்கினபடி. நல்ல மனிதன். அதுதான் பிரச்சினை. “குணா மாதிரி ஒருத்தன் எங்களுக்கு வேணும், கடிதம் எழுதிக் குடு” என்று பேரித்திடம் நாலு தரம் போய் நின்றவர் அந்தத் தெர்யேதான். அந்த ஆளிடம் போய், உன்ரை எச்சிலைத் தொட்டிக்குள் போடாதை என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ஆனால் எச்சில் பட்ட இடம் எடுத்துப் போட்டதோடு சுத்தமாகுமா? அவருக்கு மனம் ஆறவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வெளிக்கிடும்போது கமராவின் பிலிம் டப்பி ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் மஞ்சள் தூளை நிரப்பினார்.

“ஏனப்பா, வேலைக்கு மஞ்சள் கொண்டு போறியள்? அங்கை என்ன, கறி காய்ச்சுறியளே?” என்றா மனோன்மணி.

“ஒரு இடத்திலை தெளிக்கக் கிடக்கு.”

“ஆரும் செத்துப்போச்சினமே?”

“இல்லை. இது அதைவிட மோசம்.”

தண்ணீர்ப் போத்தலில் மஞ்சளைக் கரைத்தார். துடக்கு, தீட்டுக் கழிந்த வீட்டில் தெளிப்பது போல விரல் நுனியால் பன்னிரண்டாம் தொட்டிக்குத் தெளித்தார். ஒரு தரம் தெளித்தார், போதாது போலிருந்தது. அந்தச் சூடு விரலில் இன்னும் இருந்தது. கொஞ்சம் ஊற்றினார்.

அதோடு முடிந்ததா? தெர்யே பழகிவிட்டார். பதினேழாம் தொட்டி, இருபதாம் தொட்டி, பிறகு ஒரே கிழமையில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் குணசிங்கத்தார் பொறுக்கினார், ஓங்காளித்தார், மஞ்சள் தண்ணி விட்டார். ஐந்து தொட்டியோடு டப்பி முடிந்துபோனது. மனோன்மணி கடைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கிடைத்த நாலையும் வெறுமனே பொறுக்கி எறிந்தார். அந்த நாலு தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தேகம் கூசியது.

இதுதான் ஒன்பது தொட்டியின் கதை. சாப்பாட்டு அறையில் பேரித் சொன்னதும் அவருடைய வாய் முந்திக்கொண்டது அதனால்தான். மண்ணிறம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். மஞ்சளும் யாருடையது என்று தெரியும்.

தீப்தியும் அந்த மேசையில் இருந்தாள். பேரித் மஞ்சள் கறை என்று ஆங்கிலத்தில் ஒரு தரம் அவளுக்குத் திருப்பிச் சொன்னபோது அவள் தலையைக் குனிந்து தயிர்க் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிய நேரே பாலைவன அறைக்கு வந்தாள். குணசிங்கத்தார் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், கதவைச் சாத்துங்க.”

சாத்தினார்.

ஒரு தொட்டியின் மணலைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து மூக்கடியில் கொண்டுபோனாள். “இந்தக் கட்டடத்துல இது என்ன வாசனைன்னு தெரிஞ்சது ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க.”

குணசிங்கத்தார் துடைப்பத்தைப் பார்த்தார்.

“மஞ்சள்தானே?”

“ஓம்.”

“எதுக்கு அங்கிள்? சாமிக்கா? நேர்த்திக்கடனா? என் செடிக்கு என்ன திருஷ்டியா?”

“எச்சில் பட்டுட்டுது, பிள்ளை.” அவ்வளவுதான் முதலில் வந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தெர்யேயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, அவள் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள், அவர் தலையை ஆட்டினார்.

“நான் சொட்டுச் சொட்டா அளந்து விட்டுட்டிருக்கேன். நீங்க டம்ளர் டம்ளரா ஊத்தியிருக்கீங்க.”

“டம்ளர் இல்லை. விரலாலை தெளிச்சனான்.”

“விரலால தெளிச்சா தொட்டி அறுபது கிராம் ஏறுமா?”

“…கொஞ்சம் ஊத்தினனான்.”

“தராசு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ரெண்டு நாள் தராசைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன். தராசுகிட்ட ஸாரி சொல்லணும் நான்.”

அவளுக்குக் கோபம். அது நியாயம். பன்னிரண்டாம் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தாள். செடி வேரோடு வந்தது. வேர் வெள்ளையாய் இல்லை. கறுத்து, வழுவழுத்து, நூலாய் இழுபட்டது. உடனே ஒரு நாற்றம் எழும்பியது. பழைய முட்டைக்கோசு, அழுகின முள்ளங்கி, இரண்டையும் ஒரு சட்டிக்குள் மூடி வைத்த மாதிரி. கடுகுக் குடும்பத்துச் செடி அழுகினால் அப்படித்தான் நாறுமாம்.

குணசிங்கத்தார் மூக்கைப் பொத்தவில்லை. ஒஸ்லோவிலேயே நாறாத அறை இது ஒன்றுதான். இதை நாறவைத்தது ஒருவனுடைய எச்சில் மாத்திரமில்லை, தான் கரைத்து ஊற்றின தண்ணியுந்தான். மீன் மேசையில் நெளிந்த புழுக்கூட அவர் வைத்த புழு இல்லை. அவருக்குத் தன் கையைப் பார்க்க அருவருத்தது. ஓடிப்போய்க் கழுவவும் வெட்கமாய் இருந்தது.

“மிச்சம் முப்பத்தொண்டும் நல்லாய் இருக்கோ?” என்றார்.

“இருக்கு. அது போதும் எனக்கு.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆனா நான் எடைக் கணக்கை மாத்தி எழுத மாட்டேன் அங்கிள். எந்தத் தொட்டிக்குத் தண்ணி ஏறிச்சோ அது ஏறினதுதான்.”

“மாத்த வேண்டாம். உள்ளதைக் குடு.”

அன்று பின்னேரமே தீப்தி பேரித்திடம் கடதாசி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்பது தொட்டியில் ஐந்துக்கு மட்டும் தண்ணீர் கூடியிருக்கிறது. அந்த ஐந்திலும் மஞ்சள். மற்ற நாலுக்கு ஒரு துளியும் கூடவில்லை, ஆனாலும் செத்திருக்கின்றன. அதில் மண்ணிறம் மட்டும். குணசிங்கத்தாரும் தானே போய்ப் பேரித்திடம் சொன்னார், மஞ்சள் தண்ணி தன்னுடையது என்று. மஞ்சளை ஏன் தெளிப்பது என்று விளங்கப்படுத்த அவருடைய மீன் தொழிற்சாலை மொழி போதவில்லை. “சவர்க்காரம் மாதிரி. ஆனால் கடவுளுக்கு” என்றார். பேரித் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் மனோன்மணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தா. “போய்ச் சொல்லிப்போட்டியளே? கடிதம் வராமலே?”

“சொல்லிப்போட்டன்.”

“அந்த உதட்டு வீக்கத்தாரைப் பற்றி?”

“அவர் சொல்லட்டும்.”

“அவர் சொல்லுவார்! நீங்கள் துறைமுகத்துக்கு வாளி தூக்கிக்கொண்டு போன பிறகு, ஆறுதலாய்ச் சொல்லுவார்.” சட்டியை இழுத்து வைத்தா. “தின்னுங்கோ. நான் சமைச்சதையாவது மணந்து பாராமல் தின்னுங்கோ.”

வெள்ளிக்கிழமை காலை பேரித் தன் அறைக்குக் கூப்பிட்டாள். வெளியே இன்னும் இருட்டு, சேறும் பனியும் கலந்து கண்ணாடியில் வழிந்தது. தெர்யே யன்னலோரம் நின்றார். உதடு வீங்கித்தான் இருந்தது. குணசிங்கத்தார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் உள்ளே ஊறிக்கொண்டிருப்பது நினைவுக்கு வரும்.

மேசையில் இரண்டு கடதாசி. ஒன்று தை மாதத்திலிருந்து நிரந்தர வேலை என்ற கடிதம், பேரித் கையெழுத்து வைத்தாயிற்று. மற்றது நடந்த பிழையின் அறிக்கை.

“இதிலை ஒரு கையெழுத்து,” என்றாள் பேரித். “அதோடை எல்லாம் முடிஞ்சுது. மேலிடத்துக்கு ஒரே ஒரு காரணம் காட்டினால் கேள்வி வராது. வேலை போகாது, நான் பொறுப்பு.”

குணசிங்கத்தார் விரலை வைத்து வரிவரியாய் வாசித்தார். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினவர், நோர்வேஜிய எழுத்து அவருக்கு மெல்லத்தான் போகும். பேரித் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒன்பது தொட்டிகள், துப்புரவு ஊழியர் ஊற்றிய மஞ்சள் திரவத்தினால், என்று இருந்தது.

“ஒன்பது எண்டு கிடக்கு.”

“ஓம், மொத்தமாய்.”

“ஐஞ்சு.”

பேரித் தெர்யேயை ஒரு தரம் பார்த்தாள். “தெர்யே வாற வருசம் ஓய்வெடுக்கப்போறார். முப்பத்தெட்டு வருசம் இஞ்சை. அவர் உங்களுக்காக எவ்வளவு கதைச்சவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

தெர்யே தொண்டையைச் செருமினார். “புகையிலைச் சாறு செடிப்பேனுக்கு நல்ல மருந்து,” என்றார் யன்னலைப் பார்த்தபடி. “என்ரை அப்பரும் ரோசாவுக்கு விட்டவர். செடியிலை பேன் வரக்கூடாதெண்டுதான்…” அந்தச் செடிகளில் ஒரு பேனும் இருந்ததில்லை. குணசிங்கத்தாருக்குக் கொஞ்சம் பாவமாய்க்கூட இருந்தது. அந்த ஆளும் நல்லது செய்கிறேன் என்றுதான் வாயிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் பாவம் வேறு, கடதாசி வேறு.

பேரித் பேனையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். அந்த அறிக்கை திருப்பி எழுதப்பட்டது, ஐந்து என்றும் நாலு என்றும். திருப்பி எழுதினதால் மேலிடத்துக் கேள்விகளும் வந்தன. தை மாதக் கடிதம் மேசைக்குள்ளேயே தங்கிவிட்டது. குணசிங்கத்தார் மூன்று மாதம் துறைமுகத்துக்குப் போனார், கப்பல் இறங்கின சனத்தின் கழிப்பறையைக் கழுவினார், சோறு இறங்காமல் ஆறு கிலோ குறைந்தார். சித்திரை பிறக்கத்தான் கடிதம் வந்தது. அதை வாங்கித்தரப் பேரித்தின் அறை வாசலில் நாள் தவறாமல் போய் நின்றவர் தெர்யேதான் என்று தீப்தி சொன்னாள். இப்போது பாலைவன அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்நூஸ் போட மூடியுள்ள ஒரு தகர டப்பி தொங்குகிறது. அதைத் திறந்து கழுவுகிற வேலை குணசிங்கத்தாருக்கு இல்லை, தெர்யே தானே கழுவுவார்.

ஆனால் இது எதுவும் அந்த வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் தெரியாது. நீட்டின பேனை ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம். அவ்வளவுதான் தெரியும். வடக்குப் பேச்சில், மெதுவாய், மேசை விளிம்பைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது:

“அம்மா, ஐஞ்சு தொட்டிக்கு நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன், அது என்ரை பிழை, அதுக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ. மற்ற நாலிலையும் கிடந்ததை நான் கையாலை பொறுக்கினனான், அது என்ரை வேலை, நாளைக்கும் பொறுக்குவன். அது ஆரின்ரை எண்டு எழுதாட்டிலும் பரவாயில்லை. என்ரை எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ. வாசிச்ச உடனையே எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது, தள்ளுங்கோ, நான் வெளியிலை போகவேணும்.”